எழுவாய் மாறிய வாக்கியம்

நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கும் என் அண்ணன் மகள், தன் பையனுடைய பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வருஷ காலமாக வந்த குறிப்புகளையெல்லாம் அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தாள். சென்ற ஆண்டு அவள் வீட்டில் தங்கியிருந்த சமயம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அதை எடுத்து வாசிக்கலானேன். எழுதியவர்கள் ஆசிரியைகள் இருவர். இருவரும் நல்ல மனம் படைத்தவர்கள் என்பது வரிக்கு வரி தெரிந்தது. ஆயினும், தமிழ் இலக்கணம் கற்பித்தே தலை நரைத்துப்போன எனக்கு, அந்தக் குறிப்புகளில் வேறொரு விஷயம் உறுத்திற்று. அவன் இடத்தில் உட்காரவில்லை. அவன் கணக்குத் தாளை முடிக்கவில்லை. அவன் முறை வருமுன்னே பதிலைச் சொல்லிவிடுகிறான். அவன் இந்த வாரத்தில் மூன்றாம் தடவையாகப் பென்சிலைத் தொலைத்துவிட்டான். எங்கே திருப்பினாலும் எழுவாய் ‘அவன்’. பயனிலையோ, ஒன்று எதிர்மறை, அல்லது குற்றம்.

அதே கோப்பின் இறுதியில் இன்று பதினேழு பக்கமுள்ள ஒரு பத்திரம் சேர்ந்திருக்கிறது. அதன் வாக்கியங்களோ வேறு ஜாதி. கணக்குத் தாளை ஐந்தைந்து கணக்குகளாக மடித்து ஆசிரியை தருவார். இரண்டாவது ஜோடிப் பாடப்புத்தகங்களை வீட்டில் வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் கொடுக்கும். பரீட்சைக்கு அமைதியான வேறோர் அறையைப் பள்ளிக்கூடம் ஒதுக்கும். இடையில் பையன் மாறிவிட்டானா என்றால், இல்லை. பென்சில் இன்னும் தொலைந்துகொண்டுதான் இருக்கிறது. மாறியது எழுவாய். ஒரு குழந்தையின் குற்றமாக எழுதப்பட்டு வந்தது, ஒரு ஸ்தாபனத்தின் கடமையாக எழுதப்பட்டுவிட்டது. இந்த மாற்றம் அமெரிக்க தேசத்தில் எவ்வாறு நேர்ந்தது, அதன் பலன் என்ன, பலவீனம் என்ன என்பதைச் சற்றுச் சாவகாசமாகப் பார்க்கலாம்.

காலில் சக்கரம்

நம் வீடுகளில் இத்தகைய குழந்தைகளுக்குப் பெயர்ப் பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. வாலு, அறுந்த வாலு, சேட்டைக்காரன், ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவன் என்று எத்தனையோ. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தது என்று பாட்டிமார் சொல்லும்போது அதில் அதட்டலைக் காட்டிலும் வாஞ்சையே மிகுந்திருக்கும். குழந்தைக்குத் துறுதுறுப்பு அழகு என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. வைத்திய சாஸ்திரம் ஏ.டி.எச்.டி. என்று பெயரிட்டழைப்பது அந்த அழகையன்று. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, கவனக் குறைவுக்கு ஒன்பது லட்சணங்களும், ஓயாத இயக்கத்துக்கும் அவசரத்துக்குமாக ஒன்பது லட்சணங்களும் வகுத்து, இரண்டில் ஒரு பட்டியலிலேனும் ஆறு லட்சணங்கள் ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும், அவற்றுள் பல பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும், இவ்வளவுக்கும் மேலாக அவை குழந்தையின் வாழ்க்கையை மெய்யாகவே இடர்ப்படுத்த வேண்டும் என்று நிபந்தனைமேல் நிபந்தனையாக விதிக்கிறது. பள்ளியில் மாத்திரம் அடங்காத பையன் என்றால், சந்தேகம் பள்ளியின்மேல் விழவேண்டியதே முறை.

1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், லண்டன் ராயல் வைத்தியக் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி விவரித்தார்; அதற்கு அவர் கூறிய காரணம் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பது. வைத்தியர் வாயிலிருந்து வந்தபோதிலும் அதுவும் ஒரு குற்றப் பெயரே. 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர், தம் ஆசுபத்திரிக் குழந்தைகளுக்கு ஒரு பரிசோதனைக்குப் பின் உண்டான தலைவலி தீரட்டும் என்று பென்சிடிரின் என்னும் ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி தீர்ந்தபாடில்லை, ஆனால் முப்பது குழந்தைகளுள் பதினான்கு பேர் பாடத்தில் காட்டிய முன்னேற்றம் அவரைப் பிரமிக்கச் செய்தது. குழந்தைகள் தாங்களாகவே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒழுக்கம் மாத்திரையினால் வருவதன்று என்பதை அறிந்தவர்களுக்கு, சங்கதி வேறெங்கோ, மூளையின் இயக்கத்தில் இருக்கிறது என்பது அன்றே புலப்பட்டிருக்க வேண்டும்.

‘வீடியோ கேம் என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, கவனக் குறைவு என்று எப்படிச் சொல்வது?’ என்று தகப்பன்மார் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதே. இக்குழந்தைகளிடம் கவனம் இல்லாமலில்லை. அதை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்குச் செலுத்தும் ஆளுகைதான் தளர்ந்திருக்கிறது. குதிரைக்குக் குறைவில்லை; கடிவாளந்தான் கைக்கு எட்டவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் வெகுமதியைக் கண்ணெதிரே காட்டும் விளையாட்டு, கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் வரப்போகும் மதிப்பெண்ணுக்கு அந்தச் சக்தி இல்லை. சொன்னதை மனத்தில் நிறுத்திக்கொள்வது, தொடங்கியதை முடிப்பது, காலம் கழிவதை உணர்வது, நாக்கு நுனிக்கு வந்ததை ஒரு கணம் நிறுத்துவது ஆகியவை மற்றக் குழந்தைகளுக்கு வயதோடு வருகின்றன. இவர்களுக்குத் தாமதித்து வருகின்றன. ஓடி ஆடாமல் ஜன்னலைப் பார்த்தபடியே கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் குழந்தைகளுக்கோ, யாருக்கும் தொந்தரவு இல்லாத காரணத்தினாலேயே, கண்டறியப்படும் பாக்கியங்கூடக் கிட்டாமல் போய்விடுகிறது.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்நாட்டில் மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் சுமார் 70 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 11.4 பேர், என்றேனும் ஒருநாள் இந்த நிர்ணயத்தைப் பெற்றவர்கள். ஒரு வகுப்புக்கு இருவர் மூவர் என்று ஆகிறது.

சட்டத்தில் நுழைந்த வழி

இவர்களுக்குப் பள்ளிக்கூடம் செய்யவேண்டியது இன்னது என்று முதலில் கூறியது வைத்தியமன்று, நியாயஸ்தலம். தலைநகரான வாஷிங்டனில், நடத்தை சரியில்லை என்றும் அடங்காதவர்கள் என்றும் இன்னும் பல பெயர் சூட்டியும் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஏழு குழந்தைகளின் சார்பில் தொடரப்பட்டது மில்ஸ் வழக்கு. இத்தனை பேருக்கும் வேண்டியதைச் செய்யப் பணம் போதாது என்பது கல்வி அதிகாரிகளின் வாதம். 1972 ஆகஸ்டு 1-ஆம் தேதி தீர்ப்புரைத்த நீதிபதி ஜோசப் வாடி, பணம் போதாதென்றால் அந்தப் பற்றாக்குறையை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, குறையுள்ள குழந்தையின் தலையில் மாத்திரம் அதிகமாகச் சுமத்தலாகாது என்று கூறி, அந்த வாதத்தைத் தள்ளிவிட்டார். பந்தியில் சோறு குறைந்தால் எல்லார் இலையிலும் குறையட்டும், கடைசி இலையைத் தூக்கி எறியாதே என்பதே அதன் பொருள்.

மறு வருஷம், 1973-ல், புனர்வாழ்வுச் சட்டம் ஒன்று நிறைவேறியபோது, அதன் கடைசிப் பகுதியில், யாருடைய பார்வையிலும் படாதது போல, ஒற்றை வாக்கியம் இடம் பெற்றது. மத்திய அரசாங்கத்தின் பணம் பெறும் எந்தக் காரியத்திலும், ஊனத்தைக் காரணமாகக் காட்டி ஒருவரை விலக்கவோ வேற்றுமை பாராட்டவோ கூடாதென்பது அதன் சாரம். அதுவே 504-ஆவது பிரிவு. வாக்கியம் ஒன்றுதான், ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிகளில் கையெழுத்திட நான்கு வருஷம் ஒருவரும் துணியவில்லை. ஆகவே 1977 ஏப்ரல் 5-ஆம் தேதி, சக்கர நாற்காலியில் வந்தவர்களும், கண் தெரியாதவர்களும், காது கேளாதவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் ஸான் பிரான்சிஸ்கோ நகரத்து அரசாங்கக் கட்டடத்துக்குள் புகுந்து, கையெழுத்து ஆகும்வரை வெளியேற மாட்டோம் என்று அமர்ந்துவிட்டார்கள். டெலிபோன் துண்டிக்கப்பட்டது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று சைகை பாஷையில் வெளியுலகுடன் பேசினார்கள். கறுப்புச் சிறுத்தைகள் என்ற இயக்கத்தார் தினந்தோறும் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஜூடித் ஹியூமன், ஐந்து வயதில் பள்ளியில் சேரப் போனபோது, அவருடைய சக்கர நாற்காலி தீவிபத்துக்கு இடமாகும் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஏப்ரல் 28-ஆம் தேதி மந்திரி ஜோசப் கலிஃபானோ கையெழுத்திட்டார்.

இதற்கிடையே, 1975 நவம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு மற்றொரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். பத்து லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் ஒதுக்கப்பட்டிருப்பதாக அச்சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொண்டது. குறையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பிரத்தியேகமான கல்வித் திட்டம் ஒன்று எழுத்தில் வரைய வேண்டும் என்றும் விதித்தது. இன்று பெற்றோர் நாவில் ஐ.இ.பி. என்று புழங்கும் பத்திரம் அதுவே.

ஆயினும் இவ்விரண்டு சட்டங்களிலும் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. 1990-ல் கல்விச் சட்டத்தைத் திருத்தும் வேளையில் அதைச் சேர்க்கும்படி பெற்றோர் சங்கங்கள் மன்றாடின. கதவைத் திறந்தால் வெள்ளமாக வந்துவிடுவார்கள் என்று அஞ்சி எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் 1991 செப்டம்பர் 16-ஆம் தேதி மத்தியக் கல்வி இலாகா, புதிய வகை எதையும் படைக்காமலே, இக்குழந்தைகள் ‘இதர உடல்நலக் குறைவு’ என்ற தலைப்பின்கீழ் ஐ.இ.பி.க்கும், அதற்குத் தகுதி பெறாதோர் 504 திட்டத்துக்கும் உரியவராகலாம் என்று சுற்றறிக்கை விடுத்தது. 1999-ஆம் ஆண்டு விதிகளில்தான் பெயரே அச்சேறியது. மில்ஸ் வழக்கிலிருந்து எண்ணினால் இருபத்தேழு வருஷம்.

வட்ட மேஜை

கோப்பின் இறுதியிலுள்ள அந்தப் பதினேழு பக்கப் பத்திரம் எழுதப்பட்ட கூட்டத்துக்கு என்னையும் அழைத்துச் சென்றாள் அண்ணன் மகள். “வாங்க சித்தப்பா, பையனைத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வரலாம்னு சட்டத்திலேயே இருக்கு. நீங்க பேச வேண்டாம், பக்கத்துல இருந்தாலே போதும்” என்றாள். கட்டுரைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

நூலகத்தின் ஒரு மூலையில் வட்ட மேஜை. சிறு பிள்ளைகளுக்கான தாழ்ந்த நாற்காலிகள். அவற்றில் முழங்கால் மார்பில் முட்ட நாங்கள். வகுப்பாசிரியை, பிரத்தியேகக் கல்வி ஆசிரியை, பள்ளியின் மனோதத்துவ நிபுணர், செலவுக்குச் சம்மதிக்கும் அதிகாரம் படைத்த ஓர் உத்தியோகஸ்தர், பையனின் தாய் தந்தையர். இன்னின்னார் இருக்கவேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. பெற்றோருக்கு ஆங்கிலம் வசப்படாவிட்டால், பள்ளிக்கூடத்தின் செலவிலேயே மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும். தமிழுக்கும் இது பொருந்தும் என்பது அங்குள்ள நம்மவர் பலருக்குத் தெரியாது.

தாயானவள் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதற்கு ஆயத்தமாக உட்கார்ந்திருந்தாள். மனோதத்துவ நிபுணரோ முதலில், பையனுக்கு எதில் சாமர்த்தியம் என்று விசாரித்தார். அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. பிறகு மெல்ல, நியூயார்க்கிலிருந்து டிரென்டன் வரையுள்ள ரயில் நிலையங்களையெல்லாம் வரிசை பிசகாமல், பின்னாலிருந்து முன்னாகவும் ஒப்பிப்பான் என்றாள். வகுப்பாசிரியைக்கு அது புதிய செய்தி. நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார். அது பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

பிறகு குறைகளுக்கு வந்தார்கள். எப்போது எழுந்து ஓடுகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, அதன் பின் அவனுக்குக் கிடைப்பது என்ன என்று ஒரு வாரம் உடனிருந்து எடுத்த குறிப்பு வாசிக்கப்பட்டது. தாளில் இருபது கணக்குகளை ஒருங்கே கண்டால் எழுந்துவிடுகிறான். எழுந்தால் தாள் தள்ளிப்போகிறது. ஆகவே தாளை மடித்து ஐந்து ஐந்தாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே தடித்த ரப்பர்ப் பட்டை ஒன்று கட்டிவிட்டால், சத்தமில்லாமல் அதைக் காலால் உதைத்துக்கொண்டே கையால் எழுதலாம். கழிந்த நேரம் கண்ணுக்குத் தெரிய, சிவப்பு வட்டம் தேய்ந்துகொண்டே வரும் கடிகாரம் மேஜைமேல். தினந்தோறும் வீட்டுக்குப் போக உள்ளங்கை அகல அட்டை ஒன்று. அதில் மூன்றே மூன்று இலக்குகள். பாடவேளைக்கு ஒரு குறி. மூன்றில் இரண்டு தேறினால் மாலையில் இருபது நிமிஷம் ரயில் படம். தேறாவிட்டாலும் வீட்டில் அபராதம் ஏதுமில்லை. இலக்குகளும் அளந்து எழுதப்பட்டன. முன்னேற வேண்டும் என்ற பொத்தாம்பொதுவான ஆசி வாக்கியத்தைப் பத்திரம் ஏற்பதில்லை. ஐந்து தடவைக்கு நான்கு தடவை, ஒரே நினைவூட்டலில், வேலையைத் தொடங்குவான் என்றே எழுதவேண்டும். ஆக, ‘அவன்’ மீண்டும் எழுவாயாக வந்தான். ஆனால் இப்போது பயனிலை எதிர்காலத்தது, உடன்பாடு.

காகிதத்தின் எல்லை

காகிதம் எழுதுவது வேறு, வகுப்பறை நடப்பது வேறு. ஐ.இ.பி.யாவது வருஷத்துக்கொரு முறை பரிசீலனை, மூன்று வருஷத்துக்கொரு முறை மறு சோதனை என்ற காவல்களுடன் வருகிறது. 504 திட்டத்துக்கு மத்திய அரசாங்கத்தின் தனி மானியம் ஒரு காசுமில்லை. ஐ.இ.பி.யின் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவனுக்குச் சராசரியாக ஆகும் செலவில் நூற்றுக்கு நாற்பது வரை தருவதாக 1975-ல் கொடுத்த வாக்கை, காங்கிரஸ் என்னும் அவர்கள் சட்டசபை இன்றுவரை நிறைவேற்றியதில்லை. 2016 ஜூலையில் கல்வி இலாகாவின் குடிமை உரிமைப் பிரிவு விடுத்த வழிகாட்டி, பள்ளிகளில் ஊனத்தின் பேரால் வேற்றுமை நடந்ததாக ஐந்து வருஷத்தில் தனக்கு வந்த 16,000-க்கு மேற்பட்ட முறையீடுகளில், பத்தில் ஒரு பங்குக்கு அதிகமானவை ஏ.டி.எச்.டி. குழந்தைகளைப் பற்றியவை என்று தெரிவித்தது. கேட்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும், கேளாதவனுக்குக் கிடையாது என்பது அங்கும் உள்ள நீதி. கோப்பு வைத்துக்கொள்ள அவகாசமுள்ள தாய்க்கும், இரண்டு வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தாய்க்கும் சட்டம் ஒன்றானாலும் பலன் ஒன்றல்ல.

இன்னொன்று. பல திட்டங்கள், கணினியில் இருக்கும் பட்டியலில் பத்து வரிகளுக்கு நேரே குறியிட்டு முடிக்கப்படுகின்றன. முன் வரிசையில் இடம், பரீட்சைக்கு ஒன்றரை மடங்கு நேரம் என்று எல்லாருக்கும் ஒரே கஷாயம். காலம் கழிவதையே உணராத குழந்தைக்கு அதிகக் காலம் கொடுப்பது, நீச்சல் அறியாதவனுக்குப் பெரிய குளத்தைக் காட்டுவது போலத்தான் முடியும். இத்தகைய குழந்தைக்கு வேண்டுவது நீண்ட நேரமன்று. துண்டு துண்டான வேலையும், துண்டுதோறும் உடனுக்குடன் ஒரு சொல்லுந்தான்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1999-ல் முடிவுகள் வெளியான பெரிய ஆராய்ச்சியொன்றில், 579 குழந்தைகளைப் பதினான்கு மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிரதான லட்சணங்களைத் தணிப்பதில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மாத்திரம் பெற்றதைவிட மேலாக நின்றது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாயிருந்தது. ஆராய்ச்சி தொடங்கி மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கூட்டங்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. மருந்து கடிவாளத்தைக் கைக்கு எட்டச் செய்யலாம். போகவேண்டிய பாதையை அது கற்பிப்பதில்லை. மருந்து கொடுத்தால்தான் பள்ளியில் சேர்ப்போம் என்று பெற்றோரை நிர்ப்பந்திக்கக் கூடாதென்று 2004-ஆம் ஆண்டுத் திருத்தம் பள்ளிகளைத் தடுத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளைப் பட்டியலிட்டிருக்கிறது, கற்றல் குறைபாடும் ஆட்டிஸமும் அதில் உண்டு, ஏ.டி.எச்.டி.க்குத் தனிப் பெயர் இல்லை. 1990-ல் அமெரிக்கப் பெற்றோர் நின்ற வாசற்படியில் இன்று நாம் நிற்கிறோம். குழந்தையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. அடிக்காமல் பின் என்ன செய்வது என்று திகைக்கும் ஐம்பது பிள்ளை வகுப்பின் ஆசிரியருக்குத்தான் பதில் எழுதப்படவில்லை. தாளை மடித்துக் கொடுப்பதற்கும், நாற்காலிக் காலில் ரப்பர்ப் பட்டை கட்டுவதற்கும், உள்ளங்கை அகல அட்டையில் மூன்று குறி போடுவதற்கும் சட்டம் வரவேண்டும் என்பதில்லை. ஆனால் அவை ஓர் ஆசிரியரின் தாட்சண்யமாக மாத்திரம் இருந்தால், அடுத்த வருஷம் வேறோர் ஆசிரியர் வந்ததும் போய்விடும். தாட்சண்யத்தைக் கடமையாக்குவதற்கே எழுத்து வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் அண்ணன் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள். வருஷாந்தரப் பரிசீலனைக் கூட்டம் முடிந்ததாம். இந்தத் தடவை பையனையும் பத்து நிமிஷம் உட்கார வைத்துக்கொண்டார்களாம். உனக்கு எது உதவியாயிருக்கிறது என்று கேட்டதற்கு, ஐந்தைந்து கணக்கு நன்றாயிருக்கிறது, ரப்பர் பட்டையும் நன்றாயிருக்கிறது என்றானாம். சற்று யோசித்து, “அந்தச் சிவப்புக் கடிகாரம் மட்டும் வேண்டாம். அது குறையறதையே பார்த்துக்கிட்டிருக்கேன். கணக்குப் போட முடியலே” என்றானாம். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். படித்தவர்கள் ஆறு பேர் கூடிச் செய்த ஏற்பாடு அது.

புதிய பத்திரத்தில் கடிகாரம் நீக்கப்பட்டுவிட்டது. நீக்கியதற்குக் காரணம் காட்டும் இடத்தில், மனோதத்துவ நிபுணர் ஒரே வரி எழுதியிருக்கிறார். அண்ணன் மகள் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான்.